மலைச்சாமி படத்துக்கு வார்னிஷ்

ஷீனாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரே கடையை நடுவில் பிளைவுட் வைத்து மறித்திருக்கிறோம். முன்பாதியில் கௌதம்ராஜ் ஆகிய நான் கண்ணாடி அறுத்து பிரேம் போடுகிறேன். பின்பாதியில் அவள் போட்டோ பிரிண்ட் போடுகிறாள். வருகிற ஆளிடம் ‘முடியாது’ என்று சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆள் கிடையாது.

ஒருவர் தன் பேத்தி படத்தைக் கொண்டுவந்து, மேலே ஏதாவது பளபளவென்று பூசிக் கொடு என்பார். வேறு கடையாக இருந்தால் ஹார்டுவேர் கடை கிளியர் ஸ்பிரேயை ஒரு அடி அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இவள் அப்படி விடுவாளா? எந்த இங்க், எந்தப் பேப்பர், மாட்டுகிற சுவரில் வெயில் விழுமா, அடுப்படிப் புகை வருமா என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி துருவுவாள். பிறகு, முதலில் ஒரு துண்டில் பூசிப் பார்க்கிறேன், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிடுவாள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. நான் கத்துவேன். அவள் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்றபடியே தன் இஷ்டத்துக்குத்தான் செய்வாள்.

அவளுக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. அப்பா ஐயாதுரை மில்லில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் ஷிப்ட் என்று வளர்ந்த குடும்பம். பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைமார் முகப்பருவை அழித்துக்கொண்டிருந்தாள். அங்கே விற்ற படங்கள் இரண்டு மழைக்காலம் தாங்காமல் வெளுத்துப்போய், வாங்கியவர்கள் வந்து திட்டும்போது முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டது இவள்தான். முதலாளி உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். அந்த ஆத்திரத்தில்தான் சொந்தமாகப் பிரிண்டர் வாங்கினாள். கண்டக்டராக இருக்கிற கணவன் ஜோயல் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தாலும் வாங்கியிருப்பாள்.

போன ஐப்பசியில் பாண்டிசெல்வி வந்தார். வன்னியம்பட்டிக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்களாம். இரண்டு அட்டைக்கு நடுவில் ஒரு படத்தை வைத்து, துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். கபடி பனியன் போட்ட ஒரு ஆள், இடுப்பில் கையை ஊன்றி, பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறார். அவருடைய கால் பக்கம் கறுப்பு மார்க்கரில் எழுத்து: ‘என் ரசிகை செல்விக்கு, அன்புடன் மலைச்சாமி.’ கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு, பெரிய நட்சத்திரங்கள் கையெழுத்துப் போடுவதுபோல வளைந்து நெளிந்து முழங்கால் வரை ஏறியிருந்தது.

மலைச்சாமி இவருடைய புருஷன். பேண்டேஜ் துணி கம்பெனியில் பண்டல் கட்டி நம்பர் போடுகிறவர். சட்டைப்பையில் எப்போதும் மார்க்கர் இருக்கும். ஒரு பொங்கல் கபடியில் மைதானத்து ஓரமாக ஒரு ஆள் பிரிண்டர் வைத்து அங்கேயே எடுத்து அங்கேயே படம் கொடுத்திருக்கிறான். அன்றைக்குக் கூட்டத்திலேயே அதிகமாகத் தொண்டை கிழியக் கத்தியது பாண்டிசெல்விதானாம். அந்தக் கேலிக்குத்தான் மனுஷன் இப்படி எழுதிக் கொடுத்தது. அதற்கு முந்தின வருஷம் வேலையில் இருக்கும்போதே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உயிர் நிற்கவில்லை.

ஒரு வருஷமாகப் பார்க்கத் தைரியமில்லாமல் பீரோவில் வைத்திருந்த படத்தை, திதி வரப்போகிறதே என்று அப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறார். எடுத்து, நெற்றியில் சந்தனம் வைத்திருக்கிறார். மறுநாள் மாமனார் படத்தைத் துடைக்கிற அதே ஈரத்துணியால் இதையும் துடைத்திருக்கிறார். மாமனார் படத்துக்குக் கண்ணாடி உண்டு, இதற்கு இல்லை. துணியோடு நெற்றியில் பாதி வந்துவிட்டது.

அதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. துணியை மடித்துக் கொண்டுவந்திருந்தார், அதை ஷீனாவிடம் காட்டினார். மண்நிறத்தில் ஒரு தீற்றல்.

இனிமேல் அழியாமல் ஏதாவது பூசித் தரவேண்டும், திதியன்று சந்தனம் வைக்கவேண்டும். கேட்டது இவ்வளவுதான். இதற்கு எதற்குப் பூச்சு, கண்ணாடி போட்டுத் தருகிறேன் அம்மா என்று நான் நடுவில் புகுந்தேன். என் தொழில் அது, வேறு எதைச் சொல்வேன்?

“கண்ணாடி போட்டுப் பாத்தாச்சு, அண்ணாச்சி. ஜன்னலும் நானுந்தான் தெரியுறோம். கைய வச்சா சில்லுன்னு இருக்கு. அவிய மேல படலியே.”

ஷீனா முதல் வேலையாகப் படத்தை ஸ்கேன் செய்துகொண்டாள். நெற்றியைச் சரிசெய்து, அழியாத இங்க்கில் புதிதாக ஒன்று போட்டுத் தருகிறேன், அதற்கு மேல் எதைப் பூசினாலும் தாங்கும் என்று பொறுமையாகச் சொன்னாள். பாண்டிசெல்வி அந்த மார்க்கர் எழுத்தைக் காட்டினார்.

“படம் எம்புட்டு வேணாலும் போடலாம் தாயி. இத அவிய வந்து எழுதுவாகளா?”

அதற்கு மேல் அவளால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அங்கேதான் பிடித்தது சனி.

விஷயத்தை அவள் எனக்கு விளக்கியபோது எனக்கே மண்டை காய்ந்தது. படம் அச்சான இங்க் தண்ணீர் பட்டால் கரையும். ஆகவே தண்ணீரில் கலக்குகிற வார்னிஷைத் தொடவே கூடாது. தின்னர் மாதிரி நெடி அடிக்கிற ஸ்பிரே வார்னிஷ் அந்தப் படத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் மார்க்கர் எழுத்தைக் கரைத்துவிடும். ஒன்றைப் பூசினால் மலைச்சாமி போவார், இன்னொன்றைப் பூசினால் அவருடைய எழுத்து போகும். இருப்பதோ ஒரே ஒரு படம். தப்பினால் தப்பியதுதான்.

அவருடைய பழைய சட்டைப்பையிலிருந்து அந்த மார்க்கரையே எடுத்துவரச் சொன்னாள். ஸ்கேன் செய்த படத்தை அதே மாதிரி மட்டமான இங்க்கில், அதே மாதிரி மட்டமான பேப்பரில் அச்சடித்தாள். ஒவ்வொரு துண்டிலும் மார்க்கரால் ‘அன்புடன் மலைச்சாமி’ என்று எழுதி, ஒவ்வொரு வார்னிஷாகப் பூசி, கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டாள். ஒரு வாரம் எங்கள் கடைக்குள் எங்கே திரும்பினாலும் செத்துப்போன மனுஷனின் பெயர் ஆடிக்கொண்டிருந்தது. பிரேம் வாங்க வந்த ஒருவர், யாரம்மா இது, எலெக்‌ஷனில் நிற்கிறாரா என்று கேட்டார். ஷீனா நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் பிரேமை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பிரஷ்ஷில் தடவுகிற தண்ணீர் வார்னிஷில் மலைச்சாமியின் கால் இரண்டும் கரைந்து வழிந்தது. ஹார்டுவேர் கடை ஸ்பிரேயில் எழுத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் பூஞ்சை பிடித்த மாதிரி பரவியது. போட்டோவுக்கென்றே வருகிற ஸ்பிரேயைச் சென்னையிலிருந்து வரவழைத்தாள். அதிலும் மூன்று தினுசு. பளபளப்பு ரகம் கண்ணாடியைவிட மோசம், டியூப்லைட் அப்படியே அதில் விழுந்தது. மேட் ரகம் பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் சந்தனமும் குங்குமமும் வைத்துத் துடைத்தால் மஞ்சள் கறை உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது. நடுவில் சாட்டின் என்று ஒன்று. அதில் கறையும் நிற்கவில்லை, மின்னவும் இல்லை. ஆனால் மார்க்கர்? பனி பெய்கிற மாதிரி லேசாக அடித்தால் ஒரு துண்டில் எழுத்து நின்றது, அடுத்த துண்டில் ஊதா பரவியது. அதே டப்பா, அதே கை.

போதாததற்கு மழை வேறு. மேற்கே மலை கண்ணுக்கே தெரியாமல் கருத்துக் கிடந்தது. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் வார்னிஷ் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகிறது. மழை விட்டுக் காற்றடித்தாலோ மார்க்கெட்டிலிருந்து பஞ்சு பறந்துவந்து ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ஊரில் பஞ்சில்லாத காற்றுக்கு எங்கே போவது?

“எனக்கே தெரியல அண்ணாச்சி. நிக்கிறதும் பரவுறதும் எதனாலன்னு புடிபடல. பாதிக்குப் பாதின்னு வச்சுக்கிட்டு ஒருத்தர் படத்துல எப்படிக் கை வைக்கிறது?”

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து தெரியவில்லை என்ற சொல்லை நான் கேட்டதில்லை. திதி நெருங்கிவிட்டது. அந்தம்மா தினமும் போன் போட்டு, ஆச்சா என்று கேட்காமல், சாப்பிட்டியா தாயி என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறார். அது இவளுக்கு இன்னும் வதை. சோறு இறங்காமல் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிடுகிறாள். கண்ணாடி போட்டு அனுப்பித் தொலையேன் என்று நான் ஒருநாள் வெடித்தேன். அவளும் விடவில்லை, உங்களுக்குக் கண்ணாடி விற்கணும், அவ்வளவுதானே என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுரீர் என்றது. அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில், வன்னியம்பட்டி போகிறேன், முடியாது என்று நேரில் சொல்லிப் படத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். கோபம் இருந்தாலும் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் பைக்கை எடுத்தேன். அந்தம்மா மனசு மாறினால் பிரேமுக்கு அளவெடுக்கலாம் என்று டேப்பையும் பையில் போட்டுக்கொண்டது உண்மைதான், மறைக்கவில்லை.

நாங்கள் போனபோது பாண்டிசெல்வி குளித்துவிட்டு மாமனார் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். செத்த நேரம் இருங்க என்று சைகை காட்டினார். சந்தனத்தைக் குழைத்து மோதிர விரலால் நெற்றியில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். முடிந்தது. பிறகு ஷீனா கையில் இருந்த அட்டையை வாங்கிப் பிரித்து, மலைச்சாமி படத்தை மேஜையில் வைத்தார். முந்தானையில் விரலை நன்றாகத் துடைத்து ஈரம் போக்கிக்கொண்டு, அந்த எழுத்தை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஷீனா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்ல வந்தவள், எழுத்துக்கு மேல் சந்தனம் வைக்கமாட்டீர்களா அக்கா என்று கேட்டாள்.

“எழுத்துக்கு யாராச்சும் பொட்டு வைப்பாகளா? நெத்திக்குத்தானே வைப்பாக.”

பாண்டிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷீனாவுக்கு வரவில்லை. வெளியே வந்ததும் என் மேல் பாய்ந்தாள், இதை ஏன் நீங்கள் என்னிடம் சொல்லவில்லை என்று. நான் என்னத்தைக் கண்டேன்? எங்கள் வீடுகளில் படம் என்றால் நெற்றியில் பொட்டு, இதை ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுப்பதா? அவள் வீட்டில் பைபிள் வசன காலண்டரும், அதற்குப் பக்கத்தில் பொட்டோ பூவோ இல்லாமல் அவள் அம்மா படமும். சந்தனம் என்றதும் படம் முழுக்கப் பூசி அபிஷேகம் பண்ணுவோம் என்று நினைத்திருக்கிறாள் மகராசி. எழுத்துக்குப் பூச்சே தேவையில்லை, அதன் மேல் வார்னிஷ் படாமல் மறைத்தால் போதும் என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் இரண்டுபேருக்கும் உறைத்தது.

எதை வைத்து மறைப்பது? டேப் ஒட்டினால் பிய்க்கும்போது மார்க்கரும் சேர்ந்து வரும். பேப்பர் வைத்தால் ஸ்பிரே காற்றில் தூக்கிக்கொள்ளும். எடையாகவும் தட்டையாகவும் ஒன்று வேண்டும், எழுத்து வரி எப்படி வளைகிறதோ அப்படி வளைத்து அறுக்கவும் வரவேண்டும். கடைக்குத் திரும்பியதும் அவள் என் மேஜையைப் பார்த்தாள். நான் கண்ணாடி அறுக்கிற வைரத்தை எடுத்தேன். இரண்டு துண்டு உடைந்து மூன்றாவது துண்டு பொருந்தியது. ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுங்கடித்துக் கொடுத்தேன்.

ஒரே ஒரு குறை. முழங்கால் வரைக்கும் ஏறுகிற அந்தக் கோட்டின் நுனி கண்ணாடிக்கு வெளியே நின்றது. நுனியை மறைத்தால் முழங்காலும் பூச்சில்லாமல் போகும், துடைக்கும்போது ஈரம் அங்கேதான் இறங்கும். ஷீனா பாண்டிசெல்வியைக் கடைக்கே வரச்சொன்னாள். நான் செய்வதை நீங்கள் நின்று பார்க்கவேண்டும் அக்கா, பிறகு போனில் சொல்லி அழ எனக்கு வலுவில்லை என்றாள்.

திதிக்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தது. கதவை மூடினோம். பஞ்சு அடங்கட்டும் என்று தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, அது காயும்வரை யாரும் நடக்காமல் நின்றோம். ஷீனா கண்ணாடியை எழுத்தின் மேல் இறக்கினாள். டப்பாவைக் குலுக்கி, முதலில் வெறும் அட்டையில் அடித்துப் பார்த்து, பிறகு படத்தின் மேல் தூரத்திலிருந்து ஒரு வீச்சு. ஈரம்கூடத் தெரியவில்லை. காயவிட்டாள். இன்னொரு வீச்சு. நெற்றி, முகம், பனியன் எல்லாம் அப்படியே நின்றன. நான் மூச்சை விட்டேன்.

மூன்றாவது வீச்சில் கோட்டின் நுனி ஊதாவாகத் திறந்தது. என் கண்ணெதிரிலேயே ஒரு மிளகு அளவுக்குப் பரவி நின்றது. ஷீனா டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

இதோடு நிறுத்தினால் நெற்றி தாங்காது, இன்னும் இரண்டு பூச்சாவது வேண்டும். அடித்தால் இந்த நுனி இன்னும் பரவும். எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது அக்கா. இதை அவள் பாண்டிசெல்வியின் முகத்தைப் பார்த்து நேராகச் சொன்னாள். மழுப்பவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் நூறு சாக்கு சொல்லியிருப்பேன்.

பாண்டிசெல்வி குனிந்து அந்த ஊதாவைப் பார்த்தார். முகத்தை அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோனதில் மூச்சுக்காற்று படுமோ என்று எனக்குப் பயம். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் நிமிர்ந்தார்.

“மொகம் நிக்கணும் தாயி. நீ அடி.”

ஷீனா அடித்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் நன்றாகக் காயவிட்டாள். ஊதா ஒரு உளுந்தம்பருப்பு அளவுக்கு வளர்ந்து அதோடு நின்றுகொண்டது. கண்ணாடியைத் தூக்கியபோது அதற்கு அடியில் ‘என் ரசிகை செல்விக்கு’ ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, தின்னர் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

படத்தைக் கடையிலேயே நாலைந்து நாள் இறுகவிட்டு, திதிக்கு முந்தின நாள் அவரை வரச்சொன்னாள். சும்மா கொடுத்தனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. சந்தனமும் ஈரத்துணியும் கொண்டுவாருங்கள், என் முன்னால் வைத்து என் முன்னால் துடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருந்தாள். பாண்டிசெல்வி பொட்டு வைத்தார். காய்ந்தது. துணியைக் கையில் எடுத்தவர் துடைக்கமாட்டாமல் நின்றார். நெற்றி வரை போன கை திரும்பித் திரும்பி வந்தது. நான் துடைக்கட்டுமா அக்கா என்று ஷீனா கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார்.

துணியில் சந்தனம் மட்டும்தான் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தத் துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டு, ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதார். நாங்கள் இரண்டுபேரும் பிளைவுட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அழுது முடித்து விரலைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல அந்த எழுத்தைத் தடவினார். ஷீனாவால் அப்போதும் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அக்கா, அந்த இடத்தில் மட்டும் பூச்சு கிடையாது, நீங்கள் தினமும் இப்படித் தொட்டால் வருஷம் போகப் போக எழுத்து தேய்ந்துவிடும், இது நான் சொல்லியே ஆகவேண்டும் என்றாள்.

பாண்டிசெல்வி தடவுவதை நிறுத்தவில்லை.

“தேயட்டும். தேஞ்சு எங்க போயிரும்? என் வெரல்லதானே ஏறும்.”

ஷீனா அட்டையை எடுத்து, படம் நசுங்காதபடி இரண்டு பக்கமும் வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.